எங்கும் மாட்டாத கனெக்டர்

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம், எங்கள் காரின் டீசல் ஃபில்டரை நானே கழற்றி மாற்றினேன். ஆசைப்பட்டுச் செய்த வேலை இல்லை. ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று காட்டும் விளக்கு நாலைந்து நாட்களாக எரிந்துகொண்டிருந்தது. பரமக்குடியில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், பட்டறையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தார். வாடகைக் கார்களும் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு அங்கேதான் போயிருந்தன. மறுநாள் காலை என் மாமனாரை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போயே ஆகவேண்டும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அமாவாசை என்று அதைத் தள்ளிப்போட முடியாது.

நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் வேலையில் இருக்கிறார். மாமியார் இறந்தபிறகு வீட்டில் மாமாவும் நானும் மட்டும்தான். பரமக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். மாமாவுக்கு நோய் வந்ததும் அதை விட்டேன். ஒரு விடுமுறையில் வந்தபோது வீட்டுக்காரர் எனக்கு கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் வட்டம் வட்டமாக ஓட்டிப் பழகிய அந்த நாட்களில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கெங்கோ போகலாம் என்று நினைத்தேன். நான் ஓட்டிப்போனது ஒரே ஒரு சாலை, ஒரே ஒரு ஆஸ்பத்திரி.

ஃபில்டர் மாற்றுவதை வீட்டுக்காரர் வீடியோ காலில் சொல்லச் சொல்லச் செய்தேன். டீசல் குழாய்களின் கிளிப்பை அமுக்கிக் கழற்றினேன். பழைய ஃபில்டரின் அடியில், தண்ணீர் சேர்ந்தால் விளக்கை எரியவைக்கும் சென்சார் ஒன்று திருகியிருந்தது. அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சென்சாரைக் கழற்றிப் புது ஃபில்டரில் திருகினேன். ஒயரைத் திரும்ப மாட்டினேன். அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு கனெக்டர் தொங்குவதைப் பார்த்தேன். கறுப்பு நிறம், கட்டைவிரல் பருமன். ஒயர் தடியாக இருந்தது. அதை மாட்டுவதற்கு எங்கும் இடமில்லை.

"இது எதுலங்க மாட்டணும்?"

"எதைச் சொல்ற? கேமராவைக் கிட்டக் கொண்டு போ."

கொண்டு போனேன். அவர் கொஞ்சநேரம் பார்த்தார். "நீதான் எதையோ கழட்டியிருப்ப. நல்லாத் தேடிப் பாரு. எனக்கு ஷிஃப்டுக்கு வண்டி வந்துருச்சு, வச்சிறவா?"

வைத்துவிட்டார். டார்ச்சை அடித்துத் தேடினேன். நான் கழற்றியதெல்லாம் மாட்டிய பிறகும் அது மட்டும் மிச்சமாக நின்றது. படமெடுத்து ராமநாதபுரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு அனுப்பினேன். 'நேர்ல பாத்தாத்தான் தெரியும்க்கா' என்று பதில் வந்தது. ஃபில்டரின் மேலிருந்த கைப்பம்பை அமுக்கி டீசல் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆனது. விளக்கும் அணைந்தது. இருந்தாலும் அந்தக் கனெக்டர் மனசைவிட்டுப் போகவில்லை. கடையில் காட்டிக் கேட்கலாம் என்று பழைய ஃபில்டரை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்தேன்.

காலையில் பாதி தூரம் நன்றாகத்தான் போனோம். வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க் கரையை ஒட்டிய சாலையில் வண்டி இரண்டு தரம் குலுங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன், வேகம் எடுக்கவில்லை. ஓரத்துக்குத் திருப்பியதும் நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரங்கள். நிழல் தரும் அளவுக்கு ஒன்றுகூட வளரவில்லை. முன்சீட்டில் மாமா. கால் வீங்கியிருந்ததால் தனியாக இறங்க அவரால் முடியாது. அனல் உள்ளே அடித்தது. தண்ணீர் பாட்டில் இருந்தது. ஆனால் அவர் தாகத்துக்குக் குடிக்கக் கூடாது. உடம்பில் சேரும் தண்ணீர் வெளியே போக வழியில்லை. நாக்கை நனைக்க ஒரு மூடி கொடுத்தேன்.

"வண்டிக்கு என்னத்தா?"

"தெரியல மாமா. பாக்குறேன்."

பானெட்டைத் தூக்கினேன். என் கண் நேராக அந்தக் கனெக்டருக்குத்தான் போனது. இதுதான், இதை மாட்டாமல் விட்டதுதான் என்று தோன்றிவிட்டது. அதன் ஜோடியைத் தேடி இன்ஜினின் இடுக்கெல்லாம் கையை விட்டேன். ஒரு குழாயில் பட்டு மணிக்கட்டு கொப்புளித்தது. வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். தெரிந்த வாடகைக் கார் டிரைவர் ராமேஸ்வரத்தில் நெரிசலில் நிற்பதாகச் சொன்னார். ஒரு பஸ் வந்தது. கையைக் காட்டினேன். படிக்கட்டில் ஆட்கள் தொங்கினார்கள். கண்டக்டர் கையை விரித்துவிட்டுப் போனார். நின்றிருந்தாலும், டயாலிசிஸ் ஊசி ஏற்றும் கையில் இடிபடாமல் மாமாவை அந்தக் கூட்டத்தில் எப்படி ஏற்றுவது?

அவர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மாமா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"வண்டி நின்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுத்தா."

"என்ன மாமா சொல்றீக?"

"இன்னைக்கிப் போக வேணாம். வண்டி கிளம்புனா வீட்டுக்குத் திருப்பு. நானும் எத்தனை தடவை அந்தக் கட்டில்ல போய்ப் படுக்கிறது? உன்னையவும் கட்டிப்போட்டு வச்சிருக்கேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அதை நீங்க மட்டும் முடிவு பண்ணா ஆச்சா? நாளைக்கி மூச்சு முட்டுனா நான் ஒத்தையில என்ன செய்வேன்? உங்க மகனுக்கு என்ன சொல்லுவேன்?" என்று சத்தம் போட்டேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல்முறை.  அவர் துண்டால் கண்ணைத் துடைத்தாரா, வேர்வையைத் துடைத்தாரா என்று தெரியவில்லை.

நான் மறுபடி பானெட்டுக்குப் போய்விட்டேன். கோபம் அடங்கியதும் வேறொன்று தெரிந்தது. வண்டி நின்ற அந்த நொடியில் எனக்கும் உள்ளே ஏதோ இளகியது. போக முடியாது, என் குற்றமில்லை என்று. அதையே அவர் வாய்விட்டுச் சொன்னதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டும்.  எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல அந்தக் கனெக்டரையே பிடித்தேன். திருப்பி அதன் வாயைப் பார்த்தேன்.

உள்ளே மண் அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் குத்தினேன். தூசி இல்லை, இறுகிய மண். குளவி கட்டிய கூடு. உடைத்ததும் காய்ந்துபோன புழுவின் தோல் விழுந்தது. நேற்று வரை எதிலாவது மாட்டியிருந்தால் குளவி எப்படி உள்ளே போய்க் கூடு கட்டும்? பக்கத்தில் சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். அதன் உள்ளே தகடுகள் பளபளவென்று இருந்தன. அந்தக் கறுப்புக் கனெக்டர் எந்தக் காலத்திலும் எதிலும் மாட்டப்பட்டதே இல்லை. நான் எதையும் கழற்றிவிட்டு மறக்கவில்லை. வண்டி நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் வேறு என்ன? அதுவரை கனெக்டரையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் டீசல் வாடை உறைத்தது. ஃபில்டரின் அடியைத் தடவினேன். விரல் நனைந்தது. சென்சாரைத் திருகிய இடத்தில் டீசல் கசிந்து சொட்டியது. டீசல் வெளியே வரும் வழியில் காற்று உள்ளே போகும். காற்று போனால் வண்டி நிற்கும். அதை முன்பொரு தடவை மெக்கானிக் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்சாரைக் கழற்றிப் பார்த்தேன். அதன் கழுத்தில் ரப்பர் வளையம் இல்லை.

டிக்கியைத் திறந்து பழைய ஃபில்டரைப் பைக்குள்ளிருந்து எடுத்தேன். அடியில், சென்சார் இருந்த பள்ளத்திலேயே வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்துத் துடைத்தேன். சென்சாரின் கழுத்தில் போட்டு இறுக்கினேன். கைப்பம்பை அது கல்லாக இறுகும்வரை அமுக்கினேன். முதல் இரண்டு தரமும் சாவியைத் திருப்பியபோது இன்ஜின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. மூன்றாவது தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். வண்டி எந்தப் பக்கமும் திரும்பலாம்.  அவரே சீட் பெல்ட்டை இழுத்தார். கொக்கி விழவில்லை, நான் மாட்டிவிட்டேன். ராமநாதபுரம் பக்கமே ஓட்டினேன்.

எங்கள் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் சத்தம் போட்டார். பிறகு அடுத்த முறையில் இடம் போட்டுக்கொடுத்தார். மாமாவுக்கு ஊசி ஏற்றியதும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் காரை ஓட்டிப் போனேன். கடைக்காரர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அது ஹீட்டர் கனெக்டர்க்கா. குளிர் நாட்டுல டீசல் உறைஞ்சு போகும், ஃபில்டருக்கு ஹீட்டர் வைப்பாங்க. எல்லா ஊருக்கும் ஒரே ஒயரிங்தான் போடுறாங்க. நம்ம ஊரு வண்டியில ஹீட்டர் கிடையாது, ஒயர் மட்டும் தொங்கும். டேப் சுத்தி விட்டுருங்க."

திரும்பி வந்து மாமாவிடம் சொன்னேன்.

"டீசலைச் சூடு பண்ணவா? ராமநாதபுரத்துலயா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்ததில் கை அசைந்து, மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து கையை அமுக்கிப் பிடித்து, "ஐயா, ஆடாம இருங்க!" என்று அதட்டினார். அதற்கும் சிரித்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். 

சாயங்காலம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "நிறைய தடவை கூப்பிட்டிருக்க. வண்டிக்கு என்னாச்சு?"

போனை மாமாவிடம் கொடுத்தேன். "வண்டியெல்லாம் நல்லா இருக்குப்பா. உன் பொண்டாட்டியே சரி பண்ணிட்டா," என்றார். பிறகு, "நீ எப்ப வருவ?" என்று கேட்டார். அங்கிருந்து வந்த பதில் எனக்குக் கேட்கவில்லை. "சரி, சரி," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவரைக் காரில் உட்காரவைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்தது.

"நாளைக்கழிச்சு திரும்ப வரணும்லத்தா?"

"வரணும் மாமா," என்றேன்.