‘ராட்’ வந்த வழி

மதுரை பசுமலையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். திருத்துவதே பிழைப்பு என்பதால் வாய் சும்மா இருக்காது. கடைப் பலகையில் பிழை கண்டால்கூட நின்று முணுமுணுத்துவிட்டுத்தான் நகர்வேன்.

ஆறு வருடத்துக்கு முன் கல்லூரிக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா வந்திருந்தாள். என்னோடு வேலை பார்ப்பவர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்க, அம்மா ஒவ்வோர் இலைக்கும் முன்னால் நின்று, "எங்க குடும்பத்துல மருதையில வீடு கட்டுன மொத ஆளு எம்மகதான்" என்று சொல்லிக்கொண்டே போனாள். சாம்பார் வாளியோடு குறுக்கே வந்த நான், "மருதை இல்லம்மா, மதுரை. சரியாச் சொல்லு" என்றேன். வகுப்பில் பேசும் அதே குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு என் வீட்டில் வந்து தங்கும்போதெல்லாம், கல்லூரி ஆட்கள் யார் வந்தாலும் "வாங்க" என்ற ஒரு சொல்லோடு அடுக்களைக்குள் போய்விடுவாள். அம்மாவுக்குக் கூச்சம் என்று நானே எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

போன மாதம் பாடத்தில் 'ராட்' (wrought) என்ற சொல் வந்தது. ராட் அயர்ன் கேட் என்கிறோமே, அதே சொல்தான். 'ஒர்க்' (work) என்ற வினைக்கு ஒரு காலத்தில் அதுதான் இறந்தகாலம். ஆதியில் அதில் ரகரம் உயிரொலிக்குப் பின்னால் இருந்தது; பேசிப் பேசியே முன்னால் வந்துவிட்டது. பிறகு 'ஒர்க்ட்' வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, பழைய சொல் இரும்போடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. பிள்ளைகள் விழித்தார்கள். "மதுரைய மருதைன்னு சொல்றாங்கள்ல, அதே கதைதான். தப்பில்ல, நாக்கு போற வழி அது" என்றேன். சொல்லி முடிக்கும்போதே பந்தியில் நின்ற அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். எவனோ ஓர் ஆங்கிலேயனின் நாக்குக்குக் கொடுத்த மரியாதையை என் அம்மாவுக்கு நான் கொடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே ஊருக்கு பஸ் ஏறினேன். அம்மா வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ராட்டின் கதையை முழுக்கச் சொன்னேன். "நீ சொன்னது தப்பே இல்லம்மா. எம்புட்டோ பெரிய பாஷையிலயும் இப்படித்தான் நடந்திருக்கு" என்றேன்.

அம்மா மிளகாயைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"அது தப்பா சரியான்னு நான் என்னைக்குத் தாயி கேட்டேன்? அம்புட்டுப் பேருக்கு முன்னால என்னப் பாத்து மூஞ்சியச் சுளிச்ச பாரு, அதத்தான் என்னால மறக்க முடியல."