குடிலுக்குக் கொடுத்த மணல்

டிசம்பர் பிறந்துவிட்டால் அலெக்சாண்டருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. பத்து காஜா என்ற ஊரில் வரிசைவீடுகளின் கோடியில் இருக்கும் தன் வீட்டில், டிவியை ஓரங்கட்டி, பழைய மேசையை இழுத்துப் போட்டுக் கிறிஸ்துமஸ் குடில் கட்டத் தொடங்கிவிடுவார். மனைவி பெட்ரீசியா முறுக்கு உரலைத் தேடி வீட்டைப் புரட்டிக்கொண்டிருக்கையில் இவர் உடைந்த ஆட்டுக்குட்டிக்குக் கால் ஒட்டிக்கொண்டிருப்பார். மற்ற நாளில் சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னாலும் நாளைக்கு என்பவர்.

ஆனால் குடில் பார்க்க வருகிறவர்கள் ஆட்டுக்குட்டியை எங்கே பார்த்தார்கள்? எல்லோர் கண்ணும் மணல்மேல்தான் போகும். தேன் நிறம். சின்ன பல்பின் வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு பொடியும் தனித்தனியாக மின்னும். தீவனத் தொட்டியிலிருந்து ஒட்டகங்கள் நிற்கும் இடம் வரை அந்த மணலால் ஒரு பாதை போட்டிருப்பார். அதைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை கிடையாது.

கோப்பெங் பக்கம் இருந்த அமாங் ஆலையில் அவர் வேலை பார்த்தவர். ஈயம் அரித்தெடுத்தபின் மிஞ்சும் கனத்த மணலுக்கு இங்கே அமாங் என்று பெயர். மலைத்தொடரின் கருங்கல் கோடிக்கணக்கான வருஷம் மழையில் இற்று உதிர்ந்ததில், லேசானதெல்லாம் ஆற்றோடு போக, கனத்தது மட்டும் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைமேல் படிந்து கிடந்தது. ஈயமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. அதை எடுத்த பிறகும் கறுப்பு, வெள்ளை, தேன் நிறம் எனப் பல மணல்கள் கலந்து கிடக்கும். காந்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அவற்றைப் பிரிப்பதுதான் அலெக்சாண்டரின் வேலை. கறுப்பு உடனே ஒட்டிக்கொள்ளும். தேன் நிறம் லேசில் மசியாது, காந்தத்தை நன்றாக ஏற்ற வேண்டும். அதற்கு மோனசைட் என்று பெயர் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

ஆலையில் கடைசி வருஷங்களில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பட்டை கொடுத்தார்கள். மாதம் முடிந்தால் வாங்கிப் போய் வேறு தருவார்கள். எதற்கு என்று கேட்டதற்கு மேஸ்திரி சட்டம் என்றார். அலெக்சாண்டரும் அதோடு விட்டார். ஆலைக்குள் ஆயிரம் சட்டம் இருக்கும். வெளியே எடுத்துவந்த மணல் வெறும் மணல்தானே. அப்படித்தான் நினைத்தார்.

அவர் வீட்டோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. அவர் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தை வீடுகட்ட விற்றபோது அங்கிருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போயின. ஒவ்வொரு வீட்டுக்கும் மைலோ டின்னில் அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆலை மூடி வருஷங்களாகிவிட்டன. இன்றும் கோயிலில் அவரை மணல் அலெக்ஸ் என்றால்தான் தெரியும். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவரின் மகனுக்கு, ஊர் சேர்ந்து கொடுத்த பெயர் அது.

இந்த வருஷம் மகள் ட்ரேசி லீவுக்கு வரும்போது ஒரு கருவியோடு வந்தாள். தஞ்சோங் மாலிமில் ஒரு பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. கல்லிலும் மண்ணிலும் இயல்பாகவே இருக்கும் கதிர்வீச்சை மாணவர்கள் அளந்து பார்க்கட்டும் என்று யாரிடமோ இரவல் வாங்கியிருந்தாள். வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அம்மிக்கல்லின் பக்கத்தில் கொண்டுபோனாள், கருவி கொஞ்சம் வேகமாக டிக் டிக் என்றது. கருங்கல்லில் அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். இதுல அரைக்கிற என் சம்பலைக் குறை சொல்ல இப்போ மெஷின் வேறயா என்று பெட்ரீசியா கேட்க, மூவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே ட்ரேசி குடிலின் பக்கம் திரும்பினாள்.

டிக் டிக் என்பது போய் ஒரே இரைச்சலாகிவிட்டது. வாணலியில் கடுகு வெடிப்பதுபோல் விடாமல் பொரிந்தது. ட்ரேசி கையைப் பின்னுக்கு இழுத்தாள். சத்தம் தணிந்தது. மறுபடி நீட்டினாள்.

"டேடி, இதுல இன்னும் எவ்வளவு இருக்கு நம்மகிட்ட?"

கட்டிலுக்கடியில் ஒரு வாளி இருந்தது. அவரும் பெட்ரீசியாவும் படுக்கும் கட்டில்.

ட்ரேசி அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்துச் சொன்னாள். அந்தத் தேன் நிறப் பொடிக்குள் தோரியம் என்று ஒன்று இருக்கிறது. ஓயாமல் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். ஆலையில் சட்டையில் குத்தக் கொடுத்த பட்டை அதை அளக்கத்தான். கலந்து கிடக்கும் அமாங்கில் அது கொஞ்சம்தான். அப்பா அழகாக இருக்கிறதென்று தேன் நிறத்தை மட்டும் பிரித்து எடுத்து வந்துவிட்டார், வம்பு அங்கேதான். கழுவிக் காயவைத்தால் போகாதா என்று பெட்ரீசியா கேட்டாள். அரிசி, பருப்பு, மீன் எதுவானாலும் அவளுக்குக் கழுவினால் சரியாகிவிடும். போகாது என்றாள் ட்ரேசி. அது மேலே ஒட்டிய அழுக்கில்லை, பொடியின் உள்கட்டுக்குள்ளேயே பிணைந்து கிடக்கிறது. கோடி வருஷத்து மழையும் ஆறும் கழுவியும் கரையாதது குழாய்த்தண்ணீருக்கா கரையும்? அப்படிக் கரையாததே ஒரு விதத்தில் நல்லது, தண்ணீரில் சுலபமாக இறங்காது. தூசியாகி மூச்சில் போகக் கூடாது. பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் படுத்துத் தூங்கக் கூடாது. ஒரு டின்னால் யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனாலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்கிற சாமான் இல்லை இது.

அன்றே கதிர்வீச்சைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். விடுமுறை முடிந்து வந்து எடுத்துக்கொள்கிறோம், அதுவரை மூடிபோட்ட பீப்பாயில், வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள் என்றார்கள். மற்ற வீடுகளுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றாள் ட்ரேசி. அலெக்சாண்டர் எழுந்தார். பின்பக்கம் போய், சுத்தமாக இருந்த சாக்கடையை மறுபடி கழுவினார்.

பெட்ரீசியா பின்னாலேயே வந்தாள். பண்டிகை நேரத்தில் ஊரையெல்லாம் கலவரப்படுத்துவானேன், மணலில் பூச்சி வைத்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்துவிடுங்கள் என்றாள். அவளுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை, ஒரு ஒத்தாசையாகத் தோன்றியது. அவருக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். முதலில் போன வீடுகளில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மணல் அலெக்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒருத்தி டின்னை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேசையில் சிந்தியிருந்த மிச்சத்தை அவர் கண்ணெதிரே முந்தானையால் பட்டென்று தட்டிவிட்டாள். தூசி எழுந்து வெயிலில் மினுங்கியது. பக்கத்தில் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்று ட்ரேசி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பூச்சி வைத்த மணலுக்கு எதற்கு ஈரத்துணி? அவர் வாய் திறக்காமல் வெளியே வந்துவிட்டார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த புஷ்பலதா அக்கா வீட்டில் அந்தப் பொய் செல்லவில்லை. தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரி, அவரைவிட மூத்தவள். குடிலைக் கட்டி முடித்துப் பாதையும் போட்டுவிட்டிருந்தாள்.

"மணலுக்குப் பூச்சியா? என்ன அலெக்ஸ், அரிசியா இது?"

"இல்லக்கா, ஒரு மாதிரி பூச்சி..."

"எங்க, ஒண்ணு காட்டு பாப்போம். பொய் சொல்ல உனக்கு வராதுலா. அந்தக் காலத்துலயும் உன் பொய்க்கு நாந்தான் உங்கம்மாகிட்ட பேச்சு வாங்குவேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெல்மெட் இன்னும் தலையிலேயே இருந்தது. பிறகு, ட்ரேசி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அக்காவின் பார்வை அவரை விட்டுச் சுவரில் இருந்த மகனின் கல்யாணப் படத்துக்குப் போனது. கென்னத் சிங்கப்பூரில் இருக்கிறான். தவழும் வயதில் குடிலுக்கடியில் போய் இந்த மணலை அள்ளி வாயில் போட்டுக்கொள்வான். வாயெல்லாம் தங்கம் என்று எல்லோரும் சிரிப்பார்கள். அலெக்சாண்டரும் சிரித்திருக்கிறார். அவனுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தையில்லை. அக்கா ஒவ்வொரு நவநாள் செபத்திலும் மெழுகுவத்தி ஏற்றுவது அதற்காகத்தான்.

"என் பிள்ளைக்கு இதனாலயா அலெக்ஸ்?"

வருகிற வழியெல்லாம் அவர் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். அது எந்த வீட்டில், யார் வாயிலிருந்து வரும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"அது கரையாத மணலு, அக்கா. வயித்துக்குள்ள போனாலும் அப்படியே வெளிய போயிருக்கும்னு ட்ரேசி சொல்லுது. அதுக்கு மேல எனக்குத் தெரியல. ட்ரேசிக்கும் தெரியாது. டாக்டர்கிட்ட கேக்கணும்னா கென்னத்கிட்ட நானே பேசுறேன்."

அக்கா பரவாயில்லை என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. போகச் சொல்கிறாளோ என்று அவர் எழப் போனார். அவள் ஒரு வாளியும் இரண்டு துணியுமாக வந்தாள். ஒரு துணியை அவரிடம் நீட்டினாள்.

"ஹெல்மெட்ட கழட்டு. எப்படித் தொடைக்கணும்னு சொல்லு."

சொரூபங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து நாற்காலியில் வைத்தார்கள். மணலை நனைத்து, வழித்து, டின்னில் போட்டு மூடினார்கள். மேசைக்கால் ஓரத்தில் முட்டி போட்டுத் துடைக்கும்போது அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மற்ற வீட்டிலும் இப்படித்தான் துடைத்தாயா?

அவர் துணியைப் பிழிந்தார். இல்லை என்றார். அங்கே பூச்சி என்று சொல்லிவிட்டேன் என்றார்.

"பிள்ளைங்க இருக்கிற வீடு இருக்கா அதுல?"

"இருக்குக்கா."

"அப்ப ஏன் இன்னும் இங்க உக்காந்திருக்க?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு டின்னை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அக்கா வாசல்வரை வந்தாள், ஆனால் வழக்கம்போல் பெட்ரீசியாவைக் கேட்டதாகச் சொல் என்று சொல்லவில்லை. இன்னும் போக வேண்டிய வீடுகள் கோப்பெங் பக்கம் இருந்தன. அலெக்சாண்டர் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பி, காலையில் முதலில் போன வீட்டுக்குப் போகும் சாலையில் ஏற்றினார்.