கெளுத்தியின் கேள்வி

என் மகளுக்கு டொக்டர் பத்து நாள் மருந்து தந்தார். நான் மூன்று நாள்தான் கொடுத்தேன். பத்து நாளும் கொடுத்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

எழுதிப் பார்த்தால் மூன்றே வசனம்! இந்த மூன்று வசனத்தை வாயால் சொல்ல முடியாமல் இரண்டு வருடமாக நடமாடுகிறேன் என்றால் நம்புவீர்களா?

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் பெரியகல்லாற்றுக்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் புருஷன் வாவியில் வலை போடுகிறவர். ஒரே பிள்ளை, கிருத்திகா. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நானோ பிறந்ததிலிருந்தே பயந்தவள். தோணி வரப் பத்து நிமிடம் பிந்தினால் கரையில் போய் நிற்பேன். அடுப்பை அணைத்தேனா என்று சந்தியிலிருந்து திரும்பி ஓடுவேன். “ஒரு நாளைக்கு நீ பயப்படாம இருந்தா வாவி வத்திரும் புள்ள” என்று அவர் பகிடி பண்ணுவார்.

அந்தப் பயம்தான் செய்வித்தது என்று சொல்ல வருகிறேனா? இல்லை… செய்தது என் கை.

கிருத்திகாவுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தது. டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தார். “தொண்டையில கிருமி. காய்ச்சல் விட்டாலும் குளிசைய நிப்பாட்டக் கூடாது. பத்து நாள், காலையும் பின்னேரமும்” என்றார். தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் பிள்ளையின் கழுத்திலும் நெஞ்சிலும் செம்மை போட்டது. தடவினால் மணல் போல இருந்தது. புருஷனின் அக்கா பூமணி மச்சாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பார்த்துவிட்டாள்.

“இது அம்மாள்கா! வேப்பிலை ஒடிச்சி வை. எண்ணெய்ச் சட்டிய அடுப்பில ஏத்திராத.”

எங்கள் பக்கத்தில் உடம்பில் செம்மையோ கொப்புளமோ போட்டால் கண்ணகை அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்போம். வீட்டில் மீன் பொரிக்க மாட்டோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்கு வார்ப்போம். அம்மாள் நிற்கும் உடம்பில் இங்கிலீஷ் மருந்து போனால் அவள் கோபித்துக்கொள்வாள், கண்ணை எடுத்துவிடுவாள் என்று சிறுவயதில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். மச்சாள் அதைச் சொல்லவில்லை. நானாகவே நினைத்தேன். 

புருஷன் வந்து பார்த்தார். “வேப்பிலையும் வை, மருந்தயும் விடாத” என்றார். ஓம் என்றேன்.

மறுநாள் காலை உறையிலிருந்து ஒரு குளிசையை எடுத்தேன். பிள்ளையின் வாயில் வைக்கவில்லை. கிணற்றடி வாழையடியில் விரலால் மண்ணைக் கிளறிப் புதைத்தேன். பின்னேரம் இன்னொன்று. அடுத்த நாளும்… அதற்கடுத்த நாளும்… உறை ஒழுங்காகக் குறைய வேண்டுமல்லவா? நேரம் தவறாமல் புதைத்தேன்! அதே நேரத்துக்கு வாயில் கொடுக்க மட்டும் முடியாமல் போயிற்றா?

பத்தாம் நாள் அவர் வெறும் உறையைத் தூக்கிப் பார்த்தார். “கெட்டிக்காரி” என்றார்.

காய்ச்சல் எப்போதோ விட்டிருந்தது. செம்மை போய், விரல் நுனிகளில் தோல் உரிந்தது. அம்மாள் இறங்கிப் போய்விட்டாள் என்று பொங்கல் வைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் கிருத்திகா அடுப்படிக்கு வந்து நின்றாள்.

“அம்மா, நான் ரீச்சருக்குப் பொய் சொல்லிப்போட்டன். கணக்குச் செய்யாம, கொப்பி வீட்டில எண்டு சொன்னன்.”

“சரி, இனிச் சொல்லாத” என்றேன். போனாள். பானையில் அரிசியைப் போடுமுன் திரும்பி வந்தாள். அதே முகம், அதே சொல். தேங்காய் துருவி முடிப்பதற்குள் பதினொரு தரம் வந்தாள். கழுத்து ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தது. கண் படபடவென்று அடித்தது. முந்தின நாள் முற்றத்தில் கயிறு அடித்துத் துள்ளி விளையாடிய பிள்ளை அது!

ஒரு கிழமைக்குள் அவள் எழுத்துக் குலைந்தது. தன் பெயரை எழுத முடியாமல் கொப்பியைக் கிழித்தாள். சோற்றில் நஞ்சு என்று தட்டைத் தள்ளினாள். என் சட்டையைப் பிடித்த பிடி விடாமல் கிணற்றடிக்கும் வந்தாள். கிணற்றடிக்கு! வாழைக்குப் பக்கத்தில் நின்று, “அம்மா, நான் பொய் சொன்னனான்… நான் கூடாத பிள்ளையா?” என்று கேட்டாள்.

அந்த இடத்தில் நின்று அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாள், பார்த்தீர்களா?

டவுனில் பிள்ளைகள் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர் ஒரு அம்மா. ஏசுகிற ஆள் இல்லை. “தொண்டைக் கிருமி வந்த அடையாளம் இரத்தத்தில இருக்கு. கிருமியோட சண்டை பிடிக்கிற சக்தி, தடுமாறி மூளையையும் அடிக்குது. இது பேயும் இல்ல, பிள்ளையின்ட குழப்படியும் இல்ல. மருந்தும் குடுப்பம், பயிற்சியும் குடுப்பம்” என்றார். பிறகு பேனையைத் திறந்தார். “அப்ப தந்த மருந்து முழுக்கக் குடுத்தீங்களா அம்மா?”

பக்கத்தில் புருஷன். சட்டையைப் பிடித்தபடி மகள். படிக்காதவள் என்பது என் முகத்திலேயே எழுதியிருக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு கூச்சம்…

“ஓம் டொக்டர். பத்து நாளும்.”

அவர் எழுதினார். “முழுக்கக் குடுத்த பிள்ளையளுக்கும் சில நேரம் வரும். நீங்க உங்களக் குத்தம் சொல்லாதீங்க.”

அந்த வார்த்தையை எத்தனை நாள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்! ஆனால் அது பத்து நாளும் கொடுத்த ஒருத்திக்குச் சொன்ன வார்த்தை. எனக்குச் சொன்னதல்ல.

ஒரு நாள் கோயிலுக்குப் போய், பூசை செய்யும் கட்டாடியாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அம்மாள் வந்த நேரம் மருந்து கொடுத்தால் குற்றமா?

“ஆருகா சொன்ன? என்ட பேரனுக்குக் கொப்புளிப்பான் வந்த நேரம் டொக்டருக்குக் காட்டிப்போட்டு மறுகாதான் இஞ்ச கொண்டுவந்தன். அம்மாளுக்கு ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாதெண்டு நினைச்சியோ?”

அவர் சிரித்தார். எனக்கு ஒளிய இருந்த ஒரே இடமும் போயிற்று.

கிளினிக்கில் பயிற்சி கொடுத்தவ நஸ்ரின் மிஸ். காத்தான்குடிப் பிள்ளை, வயது முப்பதும் இராது. முதல் நாளே கிருத்திகாவிடம் கேட்டா: “இந்த வருத்தத்துக்கு, இந்த நோய்க்கு, ஒரு பேர் வைப்பமா? ஏசுறதுக்கு லேசா இருக்கும்.”

மகள் யோசித்தாள். “கெளுத்தி.”

முந்தி ஒருமுறை அப்பாவின் வலையில் மீன் கழற்றும்போது கெளுத்தி முள் அவள் கையில் ஏறியது. பிடித்தாலும் குத்தும், விட்டாலும் நோகும்.

“நல்ல பேர்! இனி ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தா, கேக்கிறது நீங்க இல்ல, கெளுத்தி. அம்மா கெளுத்திக்குப் பதில் சொல்லப்படாது. பதில் அதுக்குத் தீன். தின்னத் தின்னக் கொழுக்கும்.”

மகள் கேட்டால் நான் சொல்ல வேண்டியது ஒரே வசனம்: “இது கெளுத்தியின்ட கேள்வி.” பிறகு பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். போனில் நேரம் வைத்து முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பத்து. அவள் தாங்கிவிட்டால் ஒரு போத்தலுக்குள் ஒரு சிப்பி போடலாம்.

நான் வெளிக்கிடும்போது மிஸ் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா: “ஒரு விசயம். புதுசா ஒண்டு கேட்டா, ஒருதரம் உண்மையச் சொல்லுங்க. அது பிள்ளையின்ட கேள்வி. அதயே திரும்பக் கேட்டாத்தான் கெளுத்தி.”

நன்றாகக் கேட்டீர்களா? ஒருதரம் உண்மையைச் சொல்லச் சொன்னா.

அந்த இரண்டு நிமிடங்கள் எப்படி இருக்கும் தெரியுமா? பிள்ளை நடுங்குவாள். என் கையைப் பிராண்டுவாள். “ஒருக்காச் சொல்லம்மா, ஒருக்கா” என்று கெஞ்சுவாள். பயந்த பிறவியான நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். ஒரு சிப்பி விழும். அவள் வாயில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் தாங்கினேன். இதில் பொய் இல்லை.

பயிற்சி தொடங்கி இரண்டாம் மாதம். வாசற்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

“அம்மா… நான் ரீச்சருக்குப் பொய் சொன்னதாலயா எனக்கு இந்த வருத்தம் வந்த?”

புதுக் கேள்வி. அதுவரை அவள் கேட்காத கேள்வி. பதில் எனக்கு இருந்தது. இல்லை மகள், உன்னால் அல்ல. நான் மருந்தை நிறுத்தினேன். அதனால்தான் வந்ததா என்று டொக்டருக்கும் சொல்ல முடியாது. ஆனால் உன்னால் அல்ல!

பாதியையாவது சொல்லியிருக்கலாம். “உன்னால இல்ல” என்ற அளவு போதுமே! அதற்கடுத்து “அப்ப ஆரால?” என்று கேட்பாளே… அந்தப் பயம். என்னைக் காட்டாமல் அவளை விடுவிக்க எனக்குத் தெரியவில்லை.

“இது கெளுத்தியின்ட கேள்வி” என்றேன்.

அவள் கண்ணை மூடினாள். கழுத்து இரண்டு தரம் வெட்டியது. ஐந்து நிமிடம் தாங்கினாள். சிப்பியைப் போட்டாள்.

அடுத்த கிளினிக்கில் நஸ்ரின் மிஸ் மற்றத் தாய்மாருக்கு என்னைக் காட்டினா. “இந்த அம்மாவப் பாருங்க. பிள்ளை அழுதாலும் அசைய மாட்டா. இப்படித்தான் இருக்கணும்.”

குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இன்று அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் போகிறாள். எழுத்துத் திரும்பிவிட்டது. தொண்டை நொந்தால் மட்டும் கழுத்து மறுபடி இழுக்கும். உடனே கிளினிக்குக்கு ஓடுவேன். மருந்து தந்தால் மணி பார்த்து, அவள் விழுங்கும்வரை நின்று கொடுக்கிறேன். கிணற்றடி வாழை இரண்டு முறை குலை போட்டது. அந்தப் பழத்தை நான் வாயில் வைக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

போன கிழமை, பள்ளிக்கூட நேரம். அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டி இருந்தாள்.

“அம்மா, இது கெளுத்தி கேக்கல்ல. நான்தான் கேக்கிறன். நான் பொய் சொன்னதாலயா வந்த?”

பின்னல் என் கையில் இருந்தது. கழுத்து வெட்டவில்லை. ஒரு மயிர்கூட இழுபடவில்லை. இரண்டு வருடமாக அது அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது… அவளுடைய கேள்வியாகவே!

வாயைத் திறந்தேன். கடவுளே, திறந்தேன்தான்.

“இது கெளுத்தியின்ட கேள்வி.”

நான் ரிபன் கட்டும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து போய்த் தானே ஒரு சிப்பியை எடுத்துப் போத்தலுக்குள் போட்டாள். போனில் நேரம் பார்க்கவில்லை. “வாறன்” என்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

போத்தல் கழுத்துவரை வந்துவிட்டது. மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்கிறாள். செவ்வாய்க்கிழமை கிளினிக். பஸ்ஸில் நெரிசலாக இருக்கும். அதனால் போத்தலை என் மடியில்தான் வைக்கச் சொல்லியிருக்கிறாள்.