ஒரு பிடி மண் கேட்டு வந்த ஐரிஷ்காரர்

முதலிலேயே சொல்லிப்போடுகிறேன், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கே புள்ளி வைக்க வேண்டும், எங்கே வரியை மடிக்க வேண்டும் என்பது எனக்கு வராது. எழுதிக்கொண்டு போகும்போதே எதைச் சொல்ல வந்தேன் என்பதும் மறந்துபோகும். கோயிலில் ஒரு தேவாரம் படியுங்கோ என்றாலே தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறபடியால்தான் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

மனோர் பார்க்கில் ஒன்றோடொன்று ஒட்டின வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. என்ர மனுசன் பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் ஷிப்டாக நின்று வாங்கின வீடு. அவர் போன பிறகு நானும் மகளும்தான். நான் கண்ணை மூட முன்னம் இந்த வீட்டை மகளின் பேரில் எழுதிவிட வேணும், அது ஒன்றுதான் எனக்கு மிச்சமாயிருந்த வேலை. சொலிசிட்டரிடம் போக நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஐரிஷ்காரர் வந்தார்.

வெள்ளிக்கிழமை. மாரிகாலம். தலை முழுகிவிட்டுத் துவாயோடு யன்னல் கரையில் நின்றேன். தெருவுக்கு அங்கால் ஒரு வெள்ளைக்காரர், என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கட வீட்டையே பார்த்தபடி நின்றார். மூக்கு குளிரில் சிவந்துபோய் இருந்தது. பிறகு தெருவைக் கடந்து வந்து மணியை அடிக்காமல், சுவர்ச் செங்கல்லைக் கையால் தடவினார். சந்தையில் மாடு வாங்க வந்தவன் அதன் முதுகைத் தடவிப் பார்ப்பானே, அப்படி.

மணி அடித்தது. சங்கிலியைப் போட்டபடி கதவைக் கொஞ்சம் திறந்தேன். என்ர இங்கிலீஷ் பஸ்ஸுக்கும் டொக்டருக்கும் காணும், அதற்கு மேலே காணாது. மதர், ஹவுஸ், ஐரிஷ் என்கிற மூன்றும் விளங்கிற்று. யன்னல் மாற்றித் தருகிறோம் என்று வருகிறவர்கள் உண்டு, வேதப் புத்தகத்தோடு வருகிறவர்கள் உண்டு, தங்கம் இருக்கோ என்று நோட்டம் பார்க்கிற கூட்டமும் உண்டு. இவரிடம் பையும் இல்லை, புத்தகமும் இல்லை. ஒன்றும் விற்க வராத ஆளைக் கண்டால்தான் எனக்குக் கூடப் பயம்.

நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் வாசலில் கிடந்த கால்மிதியின் ஒரு மூலையைச் சப்பாத்து நுனியால் தூக்கினார். கீழே சிவப்பும் கறுப்புமாகப் பழைய ஓடு பதித்திருக்கும். அதைக் கண்டதும், "யெஸ், யெஸ்" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். என்ர கால்மிதிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? அடுத்ததாகக் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். எங்கட வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்ததைப் பார்த்து மரியாதைக்குச் செய்திருப்பார். எனக்கோ, இவர் உள்ளே வரத்தான் போகிறார் என்று விளங்கிவிட்டது.

"நோ, நோ, போடுங்கோ, சப்பாத்தைப் போடுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சுவரில் தட்டினேன். பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை இருக்கிறாள். வீட்டிலிருந்தபடியே கம்பியூட்டரில் வேலை. நான் சுவரில் தட்டினால் வருவாள்.

கழுத்தில் ஹெட்போனோடு வந்து அவரோடு கதைத்துவிட்டு, "ஆன்ட்டி, பயப்படாதீங்க. இவரோட அம்மா இந்த வீட்லதான் பொறந்தாங்களாம். தாத்தா பாட்டி அயர்லாந்துலேர்ந்து வந்து இங்க இருந்தாங்களாம். அப்புறம் குடும்பத்தோட கனடா போயிட்டாங்களாம்" என்றாள்.

"இப்ப இவருக்கு என்ன வேணுமாம்?"

"சும்மா பாத்துட்டுப் போகணுமாம்."

இந்தச் சொல்லை நான் முன்னமும் கேட்டிருக்கிறேன். ஊரில் எங்கட வீட்டைச் சும்மா ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று வந்தவர்கள் போகவில்லை. நாங்கள்தான் போனோம்.

"எத்தினை சகோதரம் எண்டு கேள் பிள்ளை."

"எதுக்கு ஆன்ட்டி?"

"கேளன்."

கேட்டாள். மனுசனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. விரலை மடக்கி மடக்கி ஒவ்வொருவர் பேராகச் சொன்னார். ஆறு பேர். ஆறு பங்கு என்று நான் மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாய் தகப்பன், பாட்டன் பூட்டன் வழியாக வருகிற சொத்தை நாங்கள் முதுசம் என்போம். பங்காளி எத்தனை வருசம் கழித்து எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும் பங்காளிதான். அவருக்குச் சொல்லாமல் காணியைக் கைமாற்றப் போனால் வேலிக்கரையில் வந்து நிற்பார். எழுதிக் கொடுக்கப் போகிற கிழமை பார்த்து ஒருவர் வந்து, என்ர தாய் இங்கே பிறந்தவள் என்றால் நான் என்னத்தை நினைக்க?

வாசலிலேயே நிற்பாட்டிவிட்டு அனுப்பவும் மனம் வரவில்லை. சமைக்கிற குசினி வரைக்கும் விட்டேன். மேல்மாடி ஏலாது என்று சொல்லிவிட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துக்கொண்டே ஒரு சுவரைக் காட்டி என்னவோ சொன்னார்.

"இங்க ஒரு சின்ன அலமாரி இருந்துச்சாம் ஆன்ட்டி. அவங்க பாட்டி அதுலதான் சர்க்கரையைப் பூட்டி வைப்பாங்களாம்."

குசினி திருத்தினபோது அந்த இடத்தில் பலகையைப் பெயர்த்தால் உள்ளே ஒரு பொந்து இருந்தது. மகளுக்கும் எனக்கும் மேசனுக்கும் தவிர ஆருக்கும் தெரியாது. வீட்டுக்காரியைவிட வீட்டை நன்றாகத் தெரிந்தவர் வந்திருக்கிறார்.

கடைசியில்தான் அவர் வந்த காரியம் வெளியே வந்தது. தாய் காலமாகிவிட்டாவாம். இந்த வீட்டு வளவில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டுபோய் அவவின் சமாதியில் போட வேணுமாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைச் சொல்லும்போதே கண் கலங்கிவிட்டாள்.

நான் கலங்கவில்லை. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

"ஐயோ, ஆமா ஆன்ட்டி. எங்க ஊர்லயும் வெள்ளிக்கிழமை வீட்லேர்ந்து ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

இதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாளோ தெரியாது. அவர் பெரிய மரியாதையோடு தலையை ஆட்டி, நாளைக்குக் காலமை வருகிறேன், இரவுதான் பிளேன் என்று சொல்லிப் போனார்.

பின்னேரம் மகள் வேலையால் வந்ததும் எல்லாம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையோடு நின்று சிரித்தாள்.

"அம்மா, அவை வாடகைக்கு இருந்திருப்பினம். வாடகைக்கு இருந்தவைக்கு என்ன பங்கு?"

"வாடகைக்கு இருந்தவை எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"சரி, கேக்கிறது ஒரு பிடி மண்தானே. குடுத்து விடுங்கோவன்."

"வளவு மண்ணை எடுத்துக்கொண்டு போய் என்னென்ன செய்வினம் எண்டு உனக்குத் தெரியாது. ஒரு குடியையே எழும்பவிடாமல் செய்யலாம்."

"லண்டன் மண்ணில செய்வினை பிடிக்காதம்மா. ஈரம் கூட."

படித்த பிள்ளை. பகிடி விடுவாள். வீடு அவளுக்குத்தான், பயம் எனக்கு.

சனிக்கிழமை சொன்னபடி வந்தார். கையில் கழுவின ஜாம் போத்தல் ஒன்று. மகள் வேலைக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நான் தட்ட முன்னமே வந்துவிட்டாள், அவளுக்கு இது படம் பார்க்கிற மாதிரி. எனக்கு வெட்கம்தான், ஆனாலும் கேட்டேன்.

"உங்கட தாத்தா இந்த வீட்டை வாங்கினவரோ எண்டு கேள்."

அவர் சிரித்தார். வாங்கவில்லையாம். மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்கு, குசினி மட்டும் பொது. ஏழு பேர் அதற்குள். வீட்டுக்காரி கீழே இருந்தவவாம், சத்தம் போட்டால் கூட்டுகிற தும்புத்தடியால் சீலிங்கில் இடிப்பாவாம்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பாதி மூச்சு. வாயால் சொல்வது உறுதி ஆகாதே.

"அப்ப அயர்லாந்தில சொந்த வீடு இல்லையோ?"

அதற்குத்தான் அவர் சிரிப்பை நிறுத்தினார். இருந்ததாம். கடற்கரைப் பக்கம், கல்லால் கட்டின வீடு. இங்கே வர முன்னம் அங்கேதான் போயிருக்கிறார். கூரை விழுந்துவிட்டது, உள்ளே வேறொருவரின் மாடுகள் நிற்கின்றன. அந்தக் காணிக்காரர் படலையைத் திறக்கவேயில்லையாம். இரண்டு பேரும் படலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மழையில் நின்றார்களாம்.

"இவர் நிலத்தைக் கேட்டு வந்திருக்கார்னு நெனச்சுட்டாராம் ஆன்ட்டி" என்றாள் பிள்ளை.

"அந்த மனுசன் சரியாத்தான் யோசிச்சிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "இதையும் சொல்லவா?"

"ஓம், சொல்லு."

சொன்னாள். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. பிறகு மெல்லமாக ஒன்று சொன்னார். போக மனமில்லாமல், மதிலுக்கு மேலால் கையை விட்டு எட்டின ஒரு கல்லைத் தொட்டுவிட்டு வந்தாராம். அந்த மனுசன் அதற்கு மட்டும் மற்றப் பக்கம் திரும்பி நின்றானாம்.

இதைக் கேட்டபிறகு எனக்கு மறுக்க வாய் வரவில்லை. என்றாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் பின்வளவுக்குப் போனேன். "இவருக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு பாத்தியதையும் இல்லை எண்டு இவரைக் கொண்டு சொல்லுவி. நீ சாட்சி."

அவர் தொப்பியைக் கழற்றி, கையைத் தூக்கி, கோர்ட்டில் நிற்கிற மாதிரிச் சொன்னார். ஈர மண்ணில் முழங்கால் ஊன்றி, நான் கொடுத்த பழைய கரண்டியால் வேலியோரம் தோண்டிப் போத்தலை நிரப்பினார். வாசல் பக்கம் தோண்ட விடவில்லை.

மூட முன்னம் ஒரு நிமிசம் என்றேன். உள்ளே போய்ச் சாமித் தட்டிலிருந்து விபூதி எடுத்து வந்தேன். விபூதி பட்ட மண்ணில் ஒரு வினையும் ஏறாது. முருகா, என்ர பிள்ளையின் வீட்டைக் காப்பாற்று என்று சொல்லிப் போத்தலுக்குள் மூன்று விரலால் தூவினேன். அவருக்கு அது எப்படி விளங்கும்? தாய்க்கு நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்து, முழங்காலில் நின்றபடியே கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். விரலில் மிச்ச விபூதி இருந்தது. எனக்கு என்ன செய்கிறதென்று தெரியவில்லை. அவர் நெற்றியில் பூசிவிட்டேன்.

"ஆன்ட்டி, அழுறாரு" என்று பிள்ளை என் காதுக்குள் சொன்னாள்.

அவளுக்கும் நான் காரணத்தைச் சொல்லவில்லை. பூசினபோது என் வாயில் அந்த அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும் என்றும் வந்ததுதான். எது முதல் வந்தது, எது பிறகு வந்தது என்று இப்போது நினைவில்லை.

அடுத்த கிழமையே சொலிசிட்டரிடம் போய்க் கையெழுத்து வைத்தேன். வீடு மகளுடையது. அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். கோடை தொடங்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனுக்குக் கனடாவிலிருந்து செய்தி வந்தது. மண்ணைத் தாயின் சமாதியில் போட்டாயிற்றாம். வீட்டுக்கார அம்மா ஆசீர்வதித்துக் கொடுத்த மண் என்று சொந்தமெல்லாம் சந்தோசமாம். இந்த ஓகஸ்டில் சகோதரங்களும் மச்சான் மச்சாள்மாருமாகப் பதினொரு பேர் வீட்டைப் பார்க்க வருகிறார்களாம்.

பதினொரு பேர்! ஒருவர் வந்தால் பாசம் என்று சொல்லலாம். பதினொரு பேர் வந்தால் ஊரில் அதற்குப் பேர் வேறு. வடை சுட்டு வைக்கத்தான் போகிறேன், மேல்மாடியும் காட்டத்தான் போகிறேன், ஆனால் சங்கிலியைப் போட்டுக்கொண்டுதான் முதலில் கதவைத் திறப்பேன். சொலிசிட்டரிடம் கேட்டேன், அவரும் மகளைப் போலச் சிரித்தார். சிரிப்பு ஒரு பதில் இல்லை.

இதை வாசிக்கிற ஆராவது ஒருவர் எனக்காக வடிவாகப் பார்த்துச் சொல்ல வேணும். இந்த நாட்டில் ஒருவர் பிறந்த வீட்டில் அவரின் பிள்ளைகளுக்கு ஏதும் பாத்தியதை உண்டோ? அவர் சொன்ன அயர்லாந்து ஊரின் பேரும் எனக்கு மறந்துவிட்டது, ஏழு பேர் என்றாரோ ஒன்பது பேர் என்றாரோ என்றும் இப்போது சந்தேகம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுத் திருத்துங்கோ. ஓகஸ்டுக்கு முன்னம் என்றால் நல்லது.