பில் போட்டு வாங்கிய கார்டு

போன வருடம் பக்ரீத் முடிந்து கொஞ்ச நாளில், கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்தது இது. ஆரம்பித்தது அங்கே. ஆனால் நான் நாயாய் அலைந்தது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே. இன்றைக்கும் விழுப்புரம் பஸ்ஸைப் பார்த்தாலே எனக்கு அலுப்பு தட்டிவிடுகிறது.

நானும் என் வீட்டுக்காரரும் திண்டிவனத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் சோறு கிடைக்கும், கல்யாண ஆர்டர் வந்தால்தான் குழம்பு. கோட்டக்குப்பம் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில், பெண்கள் பகுதியில் படம் எடுக்கப் பெண்தான் வர வேண்டும் என்பார்கள். அதனால் அங்கே எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. ஆண்கள் பக்கம் அவர் எடுப்பார், பெண்கள் பக்கம் நான்.

அந்தக் கல்யாணப் பெண்ணின் அத்தா சவூதியில் பஸ் ஓட்டுகிறவர். ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் எல்லாம் ஊர் திரும்புகிற நேரம் என்று கம்பெனி லீவு தர மறுத்துவிட்டது. மூத்த மகள் நிக்காஹுக்கு அவரால் வர முடியவில்லை. அவருடைய அண்ணன்தான் அவர் இடத்தில் உட்கார்ந்து எல்லாம் செய்தார். வர முடியாதவர் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். பெண்கள் பக்கம் யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது. உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில் யாரோ எடுத்த படங்கள் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சுற்றி, அது பெரிய பேஜாராகிப் போயிருந்ததாம்.

“நீ எடுக்கறதுதாம்மா எங்களுக்கு. வேற ஒருத்தியும் போனத் தூக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிட்டேன்” என்றார் பெண்ணின் அம்மா. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அதில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

இந்தக் கல்யாணத்துக்காகவே ஒரு புது மெமரி கார்டு வாங்கினோம். முன்பெல்லாம் தெரிந்தவர் மூலம் சென்னையிலிருந்து விலை குறைவாக வரவழைப்போம். அதில் ஒருமுறை அடிபட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் உஷாராகிவிட்டார். விழுப்புரத்தில் பெரிய ஷோரூம், ஏசி, வாசலில் செக்யூரிட்டி, கம்பெனி டப்பா, சீல், பில், வாரன்ட்டி. “நாலு காசு கூடப் போனாலும் போவுது, தலவலி இல்ல பாரு” என்றார். நானும் ஆமாம் என்றேன். சீலை நானே என் கையால் பிரித்து கேமராவில் போட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மருதாணி, சாப்பாடு, பெண் அலங்காரம், நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணுக்குத் தாலி மாதிரி கருகமணி கட்டியது, அம்மாவும் பெண்ணும் கட்டிப்பிடித்து அழுதது என்று ஒன்றுவிடாமல் எடுத்தேன். என் கேமராவில் ஒரு கார்டுதான் போட முடியும். அது ஒரு தடங்கலும் காட்டவில்லை. ஒவ்வொரு படமும் பதிவாகிவிட்டதாகத்தான் சொல்லிக்கொண்டே வந்தது.

மறுநாள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் ஏற்றினால், அலங்காரம் வரைக்கும் பளிச்சென்று வந்தது. அதற்குப் பிறகு ஃபைல் பெயர் இருக்கிறது, திறந்தால் வெறும் சாம்பல் நிறம். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கருகமணி கட்டிய ஒரு படம்கூட இல்லை. “ஐயோ, கடவுளே” என்று நாற்காலியில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேரெல்லாம் போட்டுப் பார்த்தார் என் வீட்டுக்காரர். உள்ளே இருந்தால்தானே வரும்? பிறகு அந்தக் கார்டையே சோதித்தார். தேவையில்லாத ஃபைல்களால் அதை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்தார். மேலே அச்சடித்திருந்த அளவில் கால்வாசிகூட உள்ளே இல்லை. அது நிரம்பிய பிறகும், வாங்கிக்கொள்கிற மாதிரி நடித்துக்கொண்டே இருக்கிறது. அடி ஓட்டையான குடத்தில் தண்ணீர் பிடித்தது போலத்தான் நான் படம் எடுத்திருக்கிறேன். எங்களிடம் இருந்த பழைய கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே கம்பெனி, அதே ரகம். ஆனால் புதியதில் எழுத்து ஒரு பொட்டு தடிமனாக இருந்தது. சொன்னால்தான் தெரியும். சொன்ன பிறகு வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

டூப்ளிகேட். எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கல்யாண வீட்டில் போய் எப்படிச் சொல்வது? படத்தைத் தொலைத்துவிட்டு சாக்கு சொல்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்? அந்தக் கடைக்காரர்களே ‘இது போலிதான்’ என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால், அதையாவது கொண்டுபோய்க் காட்டலாம் என்று விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கவுன்டரில் இருந்தவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சீல் பிரிச்சிட்டீங்களே மேடம். பிரிச்சா ரிட்டர்ன் கெடையாது.”

“பிரிக்காம எப்டிங்க கேமராவுல போடறது?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கம்பெனிக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். கார்டின் பின்னால் இருக்கிற நம்பர் தங்கள் கணக்கில் வரவில்லை, வாங்கிய கடையை அணுகவும் என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அதைக் காட்டினால் சரியாகிவிடும் என்று மறுபடியும் போனேன். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருந்து, சாப்பிடாமல் திரும்பினேன். அடுத்த தடவை போனபோது மேனேஜர் கிடைத்தார். கத்திவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். அந்த ஆளைப் பார்த்தால் என்னைவிடச் சோர்ந்து போயிருந்தார்.

“அக்கா, எங்களுக்கு குடோன்லேர்ந்து வருது. நாங்க பில்லு போட்டு விக்கறோம். குடோனுக்கு எங்கேர்ந்து வருதுன்னு எனக்கே தெரியாதுக்கா. எழுதிக் குடுன்னா நான் எப்டி எழுதிக் குடுக்கறது, எம்வேல போயிடும்” என்றார். கடைசியில் பெரிய மனது வைத்து வேறு கார்டு மாற்றித் தந்தார். எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? முதல் கார்டை எடுத்துத் தந்த அதே கொக்கியில் தொங்கிய வரிசையிலிருந்து. எழுத்து அதே தடிமன். எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திண்டிவனம் வருகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். தூங்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குள் பெண்ணின் அம்மா இரண்டு மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஆல்பம் ஜல்தியா வேண்டுமாம், சம்பந்தி வீட்டில் கேட்கிறார்களாம். என் வீட்டுக்காரர் சொன்னார், “கேமரா ரிப்பேரு ஆயிடுச்சின்னு சொல்லிடலாம். அதுன்னா நம்புவாங்க.” அவர் சொன்னதும் தப்பில்லை. பொய் சொன்னால் நம்புவார்கள், நிஜம் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்கிற நிலைமைக்கு வந்திருந்தோம். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. கையில் ஒரு அத்தாட்சியும் இல்லாமல், பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு நான் தனியாகவே கோட்டக்குப்பம் போனேன்.

சொன்னேன். அந்த அம்மா முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் அவர் முகம் மாறியதை என்னால் மறக்கவே முடியாது.

“பெரிய கடைலயா வாங்கன? பெரிய கடைல எவனாவது டூப்ளிகேட் விப்பானா? இன்னாம்மா சொல்ற நீ?”

பில்லை நீட்டினேன். “பில்ல வச்சிக்கினு நான் இன்னா பண்றது? எம்பொண்ணு கழுத்துல கருகமணி ஏறனத அவங்க அத்தா ஊருக்கு வந்து கேட்டா எதைக் காட்டுவேன்? எல்லார் போனையும் வாங்கி வச்சோமே, ஒன்ன நம்பித்தானே?”

ஆண்கள் பக்கம் எடுத்ததற்கு மட்டும் காசு போதும், அதுவும் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று என்னவோ உளறினேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். திருட்டுப் பட்டம் கட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

சில நாள் கழித்து, மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. வெளிநாட்டு நம்பர். யாரென்று புரிந்துவிட்டது. எடுக்கவில்லை. திட்டு வாங்குவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும் அல்லவா? மறுபடியும் அடித்தது. வருவது வரட்டும் என்று எடுத்தேன்.

“தங்கச்சி, கோட்டக்குப்பத்துப் பொண்ணோட அத்தா பேசறேன்மா.”

“அண்ணே, என்ன மன்னிச்சிடுங்கண்ணே” என்று ஆரம்பித்தேன். கார்டு, கடை, கம்பெனி என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும், “டூப்ளிகேட்டுன்னு சொன்னியாமே. அப்டித்தாம்மா இருக்கும்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பில் கேட்கவில்லை, எந்தக் கடை என்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் அலைந்ததில் என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழுவாத. நான் ஒன்னு சொல்லணும், வூட்டுல இன்னும் சொல்லல” என்று தயங்கினார். கல்யாணத்தன்று பெண்கள் பக்கத்தில் ஒரே ஒரு போனுக்குத்தான் அனுமதி. பெண்ணின் தங்கை அதில் வீடியோ கால் போட்டு, அத்தாவுக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள். பேசி முடித்தால் மறைந்துபோகிற விஷயம்தானே என்று நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. அவரோ தன் போனில் அதைப் பதிவு பண்ணி வைத்திருக்கிறார்.

“ரூமுக்குப் போயி இன்னொரு தடவ பாத்துக்கலாம்னு ஒரு ஆசம்மா. போனே கூடாதுன்னு சட்டம் போட்டவன் நான். நானே எடுத்து வச்சிருக்கேன்னு எந்த மூஞ்ச வச்சிக்கினு அவகிட்ட சொல்றது?”

எனக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அப்புறம் குரல் மாறியது. “அதுல சொந்தக்காரப் பொம்பளைங்க எல்லாரும் இருக்காங்க. ஆம்பள யாருக்கும் அனுப்ப முடியாது. ஒனக்கு அனுப்பறேன். நீயே பாத்து, எம்பொண்ணு, அவங்க அம்மா, மாமியார் இருக்கறத மட்டும் எடுத்துக்கினு மத்தத அழிச்சிடு.”

“தொலச்சவகிட்டயே குடுக்கறீங்களேண்ணே?”

“நீ வந்து நேர்ல சொன்னியேம்மா” என்றார்.

அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரரைக்கூட அறைக்குள் விடாமல் நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். சத்தம் பதிவாகவில்லை. பாதி நேரம் மின்விசிறியும் யாருடையதோ முதுகும்தான். ஆடி ஆடித் தலை சுற்றியது. நடுவில், கருகமணி கட்டுகிற நேரம், அந்தத் தங்கை போனை எப்படியோ அசையாமல் பிடித்திருக்கிறாள். மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாம் இருந்தது. திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவர். பஸ்ஸை எங்கோ ஓரங்கட்டிவிட்டு, டிரைவர் சீட்டில், யூனிஃபார்மோடு இரண்டு கையையும் ஏந்தி துவா செய்துகொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சொன்னபடி மற்றதை அழித்தேன். ஆல்பத்துக்கு எடுக்கும்போது, தொழில் புத்தி, மூலையில் இருக்கிற கட்டத்தை வெட்டிவிட்டால் படம் சுத்தமாக இருக்குமே என்று தோன்றியது. அதற்குள் அவரே வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருந்தார், எதற்கும் பெண்ணைக் கேட்போம் என்று போன் செய்தேன்.

“அக்கா, அத வெட்டிடாதீங்க. எங்க அத்தா அதுல இருக்காரே” என்றாள்.

வளைகுடா போனவர்கள் வீட்டு ஆல்பங்களில் எங்களுக்கு வழக்கமாக ஒரு வேலை உண்டு. வர முடியாத அப்பாவின் படம் ஒன்றை வாங்கி, வெட்டி, பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒட்டுவோம். எத்தனையோ அப்பாக்களை அப்படி நிறுத்தியிருக்கிறேன். வெளிச்சம் பொருந்தாது, நிழல் வேறு பக்கம் விழும், பார்த்தாலே தெரியும். இந்த ஆல்பத்தில்தான் ஒட்டாமல் ஒரு அப்பா இருக்கிறார். அந்த மங்கலான படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டேன்.

ஆல்பம் வாங்க வந்த அம்மா அந்தப் பக்கத்தில் வெகுநேரம் கையை வைத்திருந்தார். கள்ளத்தனமாக ரெகார்டு பண்ணிய மனிதரைப் பொய்க்கோபத்தோடு இரண்டு வார்த்தை வைதார். போகும்போது மட்டும் என்னைப் பார்த்து, “ஆனா பெரிய கடைல அப்டி விப்பானாம்மா?” என்றார். நான் ஆல்பத்தைப் பையில் போட்டுக் கொடுத்தேன். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எனக்கு இனிமேல் தெம்பில்லை. கடையும் இருக்கிறது, அந்தக் கொக்கியும் இருக்கும்.

இப்போதெல்லாம் எவ்வளவு பெரிய கடையில் வாங்கினாலும், கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்காமல் கேமராவில் போடுவதில்லை. பாதிப் பொழுது அதிலேயே போகிறது. அப்படிக் கம்ப்யூட்டர் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்கும்போதெல்லாம், நான் நேரில் பார்த்தேயிராத அந்த மனிதர் ஒன்றையும் சோதித்துப் பார்க்காமல் தன் வீட்டுப் பெண்களின் முகங்களை என் கையில் கொடுத்தாரே என்று நினைத்துக்கொள்வேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டால், கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் இன்றுவரை எனக்குப் பதில் வருகிறது.