செர்ரிக் குருவி

என் கணவர் குவைத்திலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியபோது எனக்கு நகை வாங்கி வரவில்லை, ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் ஜெபப் புத்தகங்களின் ஓரத்தில் வரைந்த குருவிகளும் பழங்களும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவுதான், ஆனால் இறகுகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம். அறந்தாங்கியில் அதைப் பார்த்து வரைகிற பைத்தியம் நான் ஒருத்திதான். நான் வரைந்ததைப் பார்க்கிற பைத்தியம் அவர் ஒருவர்தான்.

"பொட்டு மாதிரி இருக்கே, இதுக்கா இம்புட்டு நாளு?" என்பார்கள் பக்கத்து வீட்டில். அவரோ சாயங்காலமானால் நான் வரைந்த அட்டையின் ஓரத்தை மட்டும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பழத்தின் மேலிருக்கும் பளபளப்பு வரை சொல்வார். வர்ணத்தில் விரல் பட்டால் நான் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும்.

போன ஆவணியில், அந்தப் புத்தகத்தில் அவருக்கு மிகவும் பிடித்த படத்தை எடுத்தேன். செர்ரிக் கொத்தைக் கொத்தும் செம்முகக் குருவி. இறக்கை சரியாக வரவில்லை. எரிச்சலில் குருவி முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். கிளையும் பழமும்தான் மிச்சம். நான் சொல்வதற்குள் அவர் அட்டையோடு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"குருவி மூஞ்சியில அந்தச் செவப்பு அப்படியே வந்திருக்கு புள்ள."

கேலி செய்கிறார் என்று சிரித்தேன். இறக்கை கோணியதால் குருவியையே சுரண்டிவிட்டதைச் சொன்னேன். அவர் அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

சர்க்கரை கண்ணைத் தின்றிருந்தது. முன்பே வந்திருக்கலாமே என்றார் மதுரை டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் போட்ட சண்டையை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"சொன்னா நீ பிரஷ்ஷத் தூக்கிப் போட்டுட்டு என் பின்னாடி அலைவ. அதான்," என்றார்.

எத்தனை படங்களைப் புத்தகத்தின் ஞாபகத்திலேயே புகழ்ந்தாரோ, இன்றுவரை கேட்கத் தைரியமில்லை.

அதற்கப்புறம் நான் வரையவில்லை. "இன்னைக்கு என்ன வரைஞ்ச?" என்று அவர் கேட்பதும் நிற்கவில்லை. நேற்று பொறுக்க முடியாமல் ஒரு வெற்று அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"அந்தச் செர்ரிக் குருவிதாங்க. முடிச்சிட்டேன். தொட்டுப் பாருங்க, திட்ட மாட்டேன்."

கட்டைவிரலால் அட்டை முழுவதையும் தடவினார். வர்ணம் ஏறியிருந்தால் விரலில் தட்டுப்படும். அவருக்கு எதுவும் தட்டுப்பட்டிருக்காது. ஜன்னல் பக்கம் திரும்பி அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"இப்பத்தான் எறக்கை சரியா வந்திருக்கு," என்றார்.