பின் சீட்

அய்யாவின் பழைய அம்பாசடரில்தான் கார் ஓட்டப் பழகினேன். "டெஸ்ட்டுக்காவது டிரைவிங் ஸ்கூல் வண்டியில போ ஆத்தா" என்று அவர் கெஞ்சினார். யார் சொல்லி நான் கேட்டேன்?

உச்சிப்புளியிலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த வண்டியில்தான். அய்யா ஓட்டினார், அவர் பக்கத்தில் நான். பின் சீட்டிலிருந்து என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை, ராமநாதபுரம் வருவதற்குள் நழுவிவிட்டது. அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த சீட்டை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. ரிவர்ஸ்கூடப் பக்கக் கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுப்பேன்.

டெஸ்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். "கண்ணாடிய மட்டும் பாத்தா போதுமா? கழுத்தத் திருப்பிப் பாத்து எடும்மா."

திரும்பினேன். சீட்டில் யாருமில்லை. வண்டி நேராகப் பின்னால் போனது.

தோளில் மட்டும் அந்தப் பிடி இறுகியது.